வரி மாற்றமும் தோட்டக்காரரின் தராசும்

கேள்வி: பொருளியல் சிறப்புக்கலை மாணவி நான். எல்லை கடந்த வர்த்தகத்தையும் அரச கொள்கையையும் ஆராய்வதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். “கொழும்பிலிருந்து அறிக்கை எழுதினால் எங்கள் தோட்டக்காரருக்கு என்ன கிடைக்கும்?” என்று அப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
– வாசகி, கோண்டாவில்

பதில்: தங்கள் தந்தையாரின் கேள்வி மிக நியாயமானது. 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது நமது யாழ்ப்பாணச் செம்மண் தோட்டங்களில் காசு புழங்கியது. அந்த வருமானத்தில் கல்வீடு கட்டியவர்களும் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும் உண்டு. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் அந்தப் பாதுகாப்புப் போயிற்று. ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த அதே காலத்தில் கூடிய விலை கொடுத்து மிளகாய் வாங்கிய கூலிக் குடும்பத்தின் கணக்கையும் சேர்த்து எழுதுபவரே ஆய்வாளர். ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது வழக்கறிஞரின் வேலை.

மொத்தத் தொகைகளை உடனே நம்பிவிடாதீர்கள். 1998 டிசெம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் பின் நமது ஏற்றுமதி வேகமாக ஏறியது. பண்டவாரியாகப் பிரித்துப் பார்த்தால், அதில் பெரும் பங்கு வனஸ்பதியும் (கெட்டியாக்கிய தாவர எண்ணெய்) செம்புப் பொருட்களும். இரு நாட்டு வரி வேறுபாட்டை நம்பி எழுந்த அந்தத் தொழில்கள், இந்தியா கட்டுப்பாடு விதித்ததும் சரிந்தன.

நான் வரி அட்டவணையோடு முதன்முறை சந்தைக்குப் போன காலையை இன்னும் மறக்கவில்லை. முதியவர் ஒருவர் வெங்காயச் சாக்கைத் தராசில் வைத்தார். வியாபாரி நிறையில் ‘கழிவு’ என்று ஒரு பங்கைக் குறைத்துத் துண்டு எழுதிக் கொடுத்தார். முதியவர் ஒன்றும் பேசாமல் துண்டை மடித்து மடியில் செருகினார். அந்தக் கழிவு எந்தச் சுங்க அட்டவணையிலும் இல்லை. ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இறக்குமதி வரி ஏறினாலும், ஏறிய விலையில் எவ்வளவு தோட்டக்காரரின் கைக்கு வரும் என்பதை இத்தகைய வழக்கங்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. தங்கள் தந்தையார் கேட்ட கேள்விக்கான விடையை அங்கேதான் தேட வேண்டும்.

தொழில் வாய்ப்புப் பற்றி: பல்கலைக்கழகங்கள், மத்திய வங்கி, கொழும்பிலுள்ள கொள்கை ஆய்வு நிறுவகம் ஆகியவை இத்துறையினருக்கு இடமுள்ளவை. புள்ளிவிபரவியலில் உறுதியாக நில்லுங்கள், சிங்களமும் அவசியம். 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகபட்டினம்-காங்கேசன்துறைக் கப்பல் சேவையில் பயணிகள் எடுத்துவரும் பொதிகளே ஓர் இறுதியாண்டு ஆய்வுக்குப் போதுமானவை. அதற்கு முன் தங்கள் தந்தையாரை இருத்தி, 1977க்கு முன் அவருடைய தகப்பனார் எத்தனை பரப்புக் காணியில் மிளகாய் நட்டார், பின்னர் எந்தப் பயிருக்கு மாறினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.