கார்ப்பரேட் ஃபைனான்ஸில் வேலை பார்த்தவருக்கு எம்.பி.ஏ. எதற்கு?

ஒரு கம்பெனியின் நிதிப் பிரிவில் நாலைந்து வருடம் இருந்தவர், நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு எம்.பி.ஏ. படிக்கப் போவது ஏன்? மதுரைப் பக்கம் பல வீடுகளில் எழும் கேள்விதான்.

கம்பெனிக்கு வேண்டிய பணத்தைக் கடனாக வாங்குவதா, பங்கு விற்றுத் திரட்டுவதா, அதை எதில் போட்டால் லாபத்தோடு திரும்பும் என்று பார்ப்பது கார்ப்பரேட் ஃபைனான்ஸ். விற்பனை, உற்பத்தி, ஆட்கள், பணம் எல்லாம் சேர்ந்த முழுத் தொழிலையும் நடத்தக் கற்பது எம்.பி.ஏ.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளைக்கு எத்தனை கிலோ மல்லி வந்தது, என்ன விலைக்குப் போனது, யார் பாக்கி என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் அடுத்த வாரம் முகூர்த்தம், எந்த விவசாயிக்கு முன்பணம் கொடுத்துப் பூவைப் பிடிப்பது என்று முடிவெடுப்பவர் முதலாளி. கணக்குப்பிள்ளை அந்த இடத்துக்கு வர நினைத்தால் பேரேடு மட்டும் போதாது.

செலவைப் பார்க்கும்போது ஃபீஸோடு நிற்காதீர்கள். இரண்டு வருடச் சம்பளமும் போகிறது. (ஃபைனான்ஸ்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை!) அனுபவம் உள்ளவர்களுக்கு அகமதாபாத் ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் ஒரு வருடப் படிப்பும் உண்டு. எண்களோடு மல்லுக்கட்டுவதுதான் பிடிக்கும் என்றால், என்னைக் கேட்டால் சி.எஃப்.ஏ. (முதலீடு, நிதி ஆய்வுக்கான தொழில்முறைச் சான்றிதழ்) போதும்; மூன்று கட்டத் தேர்வையும் வேலையில் இருந்தபடியே எழுதலாம்.

அப்புறம், ஃபைனான்ஸிலிருந்து போனவர் எம்.பி.ஏ.விலும் ஃபைனான்ஸையே எடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டு வருடப் படிப்பில் பொதுவாக முதல் வருடம் எல்லோருக்கும் பொதுப் பாடங்கள், இரண்டாம் வருடம் மார்க்கெட்டிங் பக்கம்கூடப் போகலாம்.