அமிர்தம் வேண்டாம், சாளைக் கறி போதும்

கேள்வி: வளைகுடாவில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் மகன், அம்மா கையால் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் சாளை (மத்தி) மீன் கறியும் சாப்பிடுவதாக ஒரு கதை அனுப்பியிருந்தேன். ‘சாப்பாட்டில் ருசியே இல்லை’ என்று எழுதித் திருப்பிவிட்டீர்கள். ‘அமிர்தமாக இருந்தது’, ‘நாக்கு நடனமாடியது’ என்றெல்லாம் எழுதியிருந்தேனே! இதற்கு மேல் தமிழில் சொல் இருக்கிறதா?
- ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அமிர்தத்தை நீங்களும் குடித்ததில்லை, நானும் குடித்ததில்லை. அதைக் காட்டிச் சாளைக் கறியை எப்படிப் புரியவைப்பீர்கள்? நாக்கின் நடனமோ, இந்த மாதம் மட்டும் எனக்கு வந்த மூன்று கதைகளில் அரங்கேறிவிட்டது.

சொல்லுக்கா பஞ்சம்? கரிக்கிறது, கைக்கிறது, காறுகிறது, துவர்க்கிறது, கமறுகிறது, ஊசிப்போய்விட்டது... எல்லாம் வினைச்சொற்கள், கவனித்தீர்களா? சுவை என்பது வாயில் நடக்கிற ஒரு காரியம். நடந்ததைச் சொல்லாமல் நீங்கள் பாராட்டுப் பத்திரம் வாசித்திருக்கிறீர்கள். அதைக் கல்யாணப் பந்தியில் சமையல்காரரிடம் சொன்னால் அவராவது சந்தோஷப்படுவார்.

அதுவும் வாய் தனியாகச் செய்கிற காரியம் இல்லை. ஒரு மட்டிப்பழம் வாங்குங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் மாவட்டத்துப் பழம்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கடி. வெறும் இனிப்பு, எந்தப் பழம் என்றே தெரியாது. இப்போது மூக்கை விடுங்கள். தொண்டை வழியாக மணம் மேலேறி, மட்டி அப்போதுதான் மட்டியாகிறது. காரத்தின் கதையே வேறு. மிளகாய் தொடுவது சுவை மொட்டுகளை அல்ல, சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளை. அதனால்தான் மிளகாய் நறுக்கிய கை கண்ணில் பட்டாலும் எரிகிறது, கண்ணுக்கு ஏது நாக்கு? ஆக, காரமான கறியை எழுதும்போது வியர்வையையும் மூக்கு ஒழுகுவதையும் எழுதலாம், தப்பில்லை.

அக்கானியை எடுத்துக்கொள்ளுங்கள். (பதநீர் என்று எழுதினால் உங்கள் ஊர்க்காரர்களே கோபித்துக்கொள்வார்கள்.) ‘இனிப்பாக இருந்தது’ என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு இனிப்புக்குப் பின்னாலேயே வந்து நாக்கில் லேசாக உறுத்தும். ஓலைப் பட்டையில் குடித்தால் பச்சை ஓலையின் வாசமும் சேர்ந்துகொள்ளும். சுண்ணாம்பு குறைந்துபோனால் வெயில் ஏற ஏற நுரைத்துப் புளிக்கத் தொடங்கும், அப்புறம் அது கள். ஒரு மிடறில் நேரமும் இருக்கிறது, பனையேறியவரின் கைப்பக்குவமும் இருக்கிறது. தேங்காயை வறுத்து அரைத்து வைக்கிற தீயல் குழம்பும் அப்படித்தான். தேங்காய் சிவந்து கருக்கப் போகிற நேரத்தில் சட்டியை இறக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கைத்துவிடும். வீட்டில் சண்டை நடந்த அன்றைக்குத் தீயல் கைத்தது என்று எழுதினால், சண்டையைத் தனியாக எழுத வேண்டியதே இல்லை.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். அந்த அம்மாவுக்கு எழுபது வயது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வயதானால் நாக்கும் மூக்கும் மங்கும். உப்பு பற்றவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு கல் போடுவார்கள். மகன் ஆறு வருஷமாக மனதுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கறி இது இல்லை. முதல் வாயிலேயே கரிக்கிறது. அம்மா எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவன் ஒன்றும் சொல்லாமல் மரச்சீனியைக் கூடக் கொஞ்சம் பிசைந்து, கறியை அதில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் ரெண்டு சாளை கேட்கிறான்.

இந்த இடத்தை மட்டும் திருத்தி அனுப்புங்கள், போடுகிறேன்.