போன்சாய்க்கு ஏற்ற கன்று எது? கேள்வி பதில்

சார், நர்சரியில் ஒரே விலையில் வரிசையாக ஃபைகஸ் (ஆல், அரசு, அத்தி இனம்) கன்றுகள் நிற்கின்றன. எதை எடுப்பது? (மதுரை வாசகர்)

இலையைப் பார்க்காதீர்கள். அது இன்று கொட்டும், நாளை துளிர்க்கும். நர்சரிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தூரில் மேல் மண்ணை விரலால் விலக்குங்கள். பெரும்பாலும் பையில் ஆழமாக நட்டிருப்பார்கள். நல்ல வேர் இரண்டு அங்குலம் கீழே கிடக்கும். நாலு பக்கமும் ஏறக்குறைய ஒரே பருமனில் வேர் பிரிந்து ஓடினால் அந்தக் கன்றை விடாதீர்கள். ஜப்பானியர் இதை நெபாரி என்பார்கள். ஒரு வேர் தண்டைச் சுற்றி இறுக்கியிருந்தால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

அப்புறம், மண்ணிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தண்டைப் பாருங்கள். அடியில் கட்டைவிரல் பருமன், மேலே சுண்டுவிரல் பருமன் என்று மெலிந்துகொண்டே போகவேண்டும். மேலும் கீழும் ஒரே பருமன் என்றால் பின்னால் வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும். அந்த ஒரு சாணுக்குள் ஒரு கிளை இருந்தால் நல்லது. அதற்கு மேலே தண்டை வெட்டிவிட்டு, அந்தக் கிளையையே புது நுனியாக ஏற்றிவிடலாம். கிளை இல்லாவிட்டாலும் ஃபைகஸ் பழைய தண்டிலேயே துளிர்த்துவிடும். உயரம் ஒரு தகுதியே இல்லை, எப்படியும் வெட்டப்போகிறோம்.

அரசங்கன்று இருக்கிறது. சரிவருமா?

வரும், ஆனால் இலையும் பெரிது, காம்பும் நீளம். சின்னத் தொட்டியில் எடுபடாது. இரண்டடி மரமாக வளர்ப்பதென்றால் வையுங்கள். முதல் மரம் என்றால் புளியங்கன்று என் தேர்வு. சிற்றிலை பொடியாக இருக்கும், பட்டையும் வயதாக ஆக வெடித்து முதிர்ந்த தோற்றம் தரும்.

அக்கம்பக்கத்தில் போன்சாய் என்றே விற்றார்கள், அடி கிழங்காக உப்பியிருக்கிறது. நல்லதா?

அந்த உப்பல் வேர்தான். மேலே சின்ன இலை ரகத்தை ஒட்டுக்கட்டியிருப்பார்கள். மேசைக்கு அழகு, சரி. ஆனால் அடி பருமனுக்கும் மேல் கிளைக்கும் பொருத்தமே இராது. வடிவமைத்துப் பழக இதை வாங்கவேண்டாம்.

மாடிச் சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்கலாமா அண்ணா?

பிடுங்கினால் வேர் அறும். மழைக்காலத்தில் காரையைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து எடுங்கள். சுவரோடு ஒட்டி வளர்ந்ததால் வேர் ஒரு பக்கமாகத் தட்டையாக இருக்கும். நிமிர்ந்த மரத்துக்கு அது குறைதான். கல்லைக் கவ்வும் பாணிக்கு அதுவே வசதி.

என் கன்று பென்சில் பருமன். எப்போது போன்சாய் தட்டில் வைக்கலாம்?

இப்போது வேண்டாம். தட்டுக்குப் போனதும் தண்டு பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். இடம் இருந்தால் நிலத்தில் நடுங்கள், இல்லையென்றால் பெரிய தொட்டி. அடியில் ஒரு கிளையைக் கவாத்து செய்யாமல் ஓடவிடுங்கள்; அது நீள நீள, அதற்குக் கீழே தண்டு தடிக்கும். வேண்டிய பருமன் வந்ததும் அந்தக் கிளையை வெட்டிவிடலாம். தழும்பு பின்பக்கம் வரும்படி கிளையை இப்போதே பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.