ராத்திரி ஷிப்ட் வானொலி வேலையில் சேரலாமா? பாட்டுக்கு நடுவில் பேசியே ஒருவர் பெரிய ஆளாக முடியுமா?

ஒரு எஃப்எம்மில் ராத்திரி 11 முதல் 2 வரை வேலை கிடைத்திருக்கிறது, வீட்டில் "இதெல்லாம் ஒரு வேலையா" என்கிறார்கள், இப்படிப் பேசியே முன்னுக்கு வந்தவர் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் படிப்பு முடித்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். அப்பா வேறு வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருப்பார். பெண்ணாக இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் கொண்டுவந்து விடுவார்கள் என்ற பேச்சும் வந்திருக்கும். எனக்கு எல்லாமே வந்தது. கோவையில் ஒரு தனியார் எஃப்எம்மில் 2007 முதல் 2010 வரை இதே நேரத்தில் இதே வேலையைத்தான் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் தாண்டிப்போக முடியவில்லை.

நீங்கள் கேட்ட ஆள் உண்டு. அவர் பெயர் ரால்ஃப் எமெரி. அமெரிக்காவில் கிராமியப் பாட்டிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசை உலகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் வானொலியிலும் டிவியிலும் நிகழ்ச்சி நடத்தியவர். நம்மூரில் ஆளே இல்லையா, வெள்ளைக்காரர் கதை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நம்மூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்களும் இருக்கிறார்கள். நான் 2011-லிருந்து டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இவரைப் பற்றித்தான் எனக்கு அக்கம்பக்கத்தில் கேட்டும் படித்தும் தெரியும்.

எமெரி 1933-ல் டென்னசியில் மெக்யூவன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவுக்குக் குடிப்பழக்கம். தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார். மளிகைக் கடையில் சாமான் அடுக்கினார், தியேட்டரில் டிக்கெட் பார்த்து ஆட்களை உட்கார வைத்தார். பிறகு நாஷ்விலில் ஓர் ஒலிபரப்புப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே சொல்லிக்கொடுத்தவர் ஜான் ரிச்பர்க். டபிள்யூஎல்ஏசி என்ற நிலையத்தில் ராத்திரி நேரத்தில் கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகளைப் போட்டுப் பேர் வாங்கியவர். அதாவது இவருடைய வாத்தியாரே ஒரு ராத்திரிக்காரர். எமெரிக்கு முதல் வேலை பாரிஸ் என்ற ஊரில் கிடைத்தது. பிரான்ஸ் பாரிஸ் இல்லை, டென்னசியிலேயே ஒரு பாரிஸ் உண்டு. அங்கிருந்து சின்னச் சின்ன நிலையங்களாக மாறி, 1957-ல் 24 வயதில் நாஷ்விலின் டபிள்யூஎஸ்எம் நிலையத்தில் ராத்திரி ஷிப்டுக்கு வந்து சேர்ந்தார்.

இந்த டபிள்யூஎஸ்எம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1925-ல் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி ஆரம்பித்த நிலையம் அது. 'லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்' என்ற கம்பெனி வாசகத்தின் ஆங்கில முதல் எழுத்துகள்தான் நிலையத்தின் பெயர். கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற சனிக்கிழமைக் கச்சேரி அதே வருஷம் அங்கேதான் தொடங்கியது, இன்றுவரை நடக்கிறது. மத்திய அலையில் (மீடியம் வேவ்) 650 கிலோஹெர்ட்ஸ், 50,000 வாட்.

நான் வேலை பார்த்தது எஃப்எம். எஃப்எம் அலை நேராகப் போகும், ஐம்பது அறுபது கிலோமீட்டர் தாண்டினால் கரகரப்புதான். மத்திய அலை அப்படி இல்லை. பகலில் வெயில் இருக்கும்வரை வானத்தில் ஓர் அடுக்கு அந்த அலையை விழுங்கிவிடும். இருட்டியதும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அலை இன்னும் மேலே ஏறி, அங்கே பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வந்து இறங்கும். ராத்திரி இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த வீடுகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. டபிள்யூஎஸ்எம்மின் அலைவரிசையை ராத்திரியில் சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருந்தார்கள். அதனால் பகலில் டென்னசியும் அக்கம்பக்கமுமாக நின்ற குரல், ராத்திரியில் நாட்டின் பாதிக்கு மேல் போய்ச் சேர்ந்தது. புதுசாக வந்த பையனுக்குத் தள்ளிவிட்ட நேரம்தான் அந்த நிலையத்தில் அதிகத் தூரம் போகும் நேரமாக இருந்தது. உங்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள்.

எமெரி அந்த ராத்திரியில் 15 வருஷம் உட்கார்ந்தார், 1972 வரைக்கும். பாடகர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் ஸ்டுடியோவுக்கு வருவார்கள். மார்ட்டி ராபின்ஸ் அடிக்கடி வந்து உட்கார்ந்துகொண்டு பாடுவார், பேசுவார். நடிகரும் பாடகருமான டெக்ஸ் ரிட்டர் 1960களில் நாஷ்விலுக்குக் குடிவந்த பிறகு கொஞ்ச காலம் எமெரியோடு சேர்ந்தே நிகழ்ச்சி நடத்தினார். லொரெட்டா லின், மெர்ல் ஹேகர்ட், வில்லி நெல்சன் எல்லாரும் அந்த மைக் முன்னால் உட்கார்ந்தவர்கள்தான். வெளியே ராத்திரியெல்லாம் லாரி ஓட்டுகிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த லாரிக்காரர்களில் ஒருவர் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல். பெயர் வேண்டாம். நான் வந்த புதிதில், என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். வானொலி என்றேன். எங்கள் சொந்தக்காரர்கள் அடுத்துக் கேட்கிற கேள்வி "சம்பளம் எவ்வளவு" என்பதாகத்தான் இருக்கும். இவர் கேட்டது, பகலா ராத்திரியா என்று. ராத்திரி என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நாஷ்விலிலிருந்து டெக்சாஸ் வரை தான் சரக்கு ஏற்றிப்போன காலத்தை ஒரு மணி நேரம் சொன்னார். எந்த மலைச்சரிவில் 650 மங்கும், எந்த ஆற்றைத் தாண்டினால் திரும்பத் தெளியும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தூக்கம் கண்ணை அமுக்கும்போது எமெரி யாரையாவது பேச வைத்துக்கொண்டிருப்பார், பேச்சு முடியட்டும் அப்புறம் வண்டியை ஓரங்கட்டலாம் என்று நினைத்தே ஊர் வந்துவிடும் என்றார். ஒருநாள் என்னை நாஷ்விலுக்குப் பக்கத்தில் இருக்கிற பிரென்ட்வுட்டுக்குக் கூட்டிப்போய், நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிற டபிள்யூஎஸ்எம் கோபுரத்தைக் காட்டினார். 1932-ல் கட்டியது. 808 அடி. நடுவில் பருத்து இரண்டு முனையும் கூர்ந்து, வைரம் போல இருக்கும்.

திரும்பி வரும்போது, உன் ஊரில் யார் கேட்டார்கள் என்றார்.

கோவையில் அப்போது கடுமையான மின்வெட்டு. 2008-க்கு அப்புறம் அங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பகலில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால் லேத் பட்டறைகளும் பம்ப்செட் செய்கிற சின்னக் கம்பெனிகளும் ராத்திரியில்தான் ஓடின. எனக்குப் போன் பண்ணியவர்களில் பாதிப் பேர் அவர்கள். மில்லுக்குள் இரைச்சலில் ரேடியோ கேட்காது, ஆனால் கேட் வாட்ச்மேன் கேட்பார். பேக்கரி மாஸ்டர்கள், பால் வண்டிக்காரர்கள், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்கள். கணபதி பக்கத்தில் ஒரு லேத் பட்டறைக்காரர் வாரத்தில் நாலு நாள் கூப்பிடுவார். பாட்டே கேட்க மாட்டார். "அம்மணி, எங்க பக்கம் கரண்ட் வந்துருச்சுங்க, சொல்லீருங்க" என்பார். நான் மைக்கில் சொல்வேன். அந்த ஏரியாவில் தூங்கிப்போன மற்ற பட்டறைக்காரர்கள் எழுந்து மெஷினைப் போடுவார்கள். மூன்று வருஷத்தில் நான் செய்த வேலையில் மனசுக்கு நிறைவானது அதுதான்.

2010 தொடக்கத்தில் மேலிடத்தில் ஒரு முடிவெடுத்தார்கள். ராத்திரிக்கு ஆள் வேண்டாம், லிங்க்குகளை, அதாவது பாட்டுக்கு நடுவில் பேசுகிற பேச்சை, மத்தியானமே பதிவு செய்துவிட்டால் கம்ப்யூட்டரே அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளும் என்றார்கள். மூன்று மணி நேர நிகழ்ச்சியை நான் 25 நிமிஷத்தில் பேசி முடித்தேன். "மணி ஒண்ணரை ஆச்சு, யாரெல்லாம் முழிச்சிருக்கீங்க" என்று மத்தியானம் மூன்று மணிக்கு ஏசி அறையில் உட்கார்ந்து சொன்னேன். சம்பளத்தில் பாதியை வெட்டினார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். இரண்டு வாரம் கழித்துப் பகல் நேரத்தில் அந்தப் பட்டறைக்காரர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு என்னைக் கேட்டு வாங்கினார்.

"என்னுங்க அம்மணி, பத்து நாளா கூப்பிடறேன், ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கறீங்க. ஆனா ரேடியோவுல பேசீட்டுத்தான் இருக்கீங்க. நான் ஏதாச்சும் தப்பாப் பேசீட்டனுங்களா?"

"இல்லீங்கண்ணா, அது வந்து..." என்று ஆரம்பித்து என்னால் முடிக்க முடியவில்லை. அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். செலவு குறைக்க வேண்டியிருந்தது, நடைமுறை தெரியாமல் பேசாதே என்று அந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லலாம். விளம்பர வருமானம் ராத்திரியில் இல்லை என்பது எனக்கும் தெரியும். பதிவு செய்த குரலில், நேரலை போல நேரம் சொல்லச் சொன்னதைத்தான் நான் மன்னிக்கவில்லை. பதிவு என்று சொல்லிவிட்டுப் போட்டிருந்தால் அவர் பத்து நாள் போன் பண்ணியிருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்டதற்குச் சம்பந்தமில்லை என்றாலும். கல்யாணமாகி, இங்கே வேலை பார்ப்பவரின் மனைவிக்குக் கொடுக்கிற ஹெச்-4 விசாவில் வந்தேன். அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. 2015 மே மாதம்தான் விதியை மாற்றினார்கள், அதுவும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும். நாலைந்து வருஷம் ஊரிலிருந்து போன் வரும்போதெல்லாம் "நீ சும்மாதானே இருக்கே" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டேன். வேலை செய்யக்கூடாது என்று ஒரு நாட்டின் சட்டம் சொல்வதும், சும்மா இருப்பதும் ஒன்றா? என் நிலையில் இருந்த பெண்கள் இந்த ஊரிலேயே எத்தனையோ பேர். டாக்டருக்குப் படித்தவர்கள் இருந்தார்கள், வங்கி வேலையை விட்டு வந்தவர்களும் இருந்தார்கள். சரி, இதை வேறொரு கேள்விக்கு வைத்துக்கொள்கிறேன்.

எமெரிக்கு வருவோம். 1972-ல் ராத்திரியை விட்டுவிட்டு டிவிக்குப் போனார். 1970களிலும் 80களிலும் நாஷ்வில் உள்ளூர்ச் சேனலில் காலை நிகழ்ச்சி நடத்தினார். ஜட் என்ற பாடகிகள், அம்மா நயோமியும் மகளும், புகழ்பெறுவதற்கு முன்னால் அந்தக் காலை நிகழ்ச்சிக்குத்தான் வந்து பாடினார்கள். நயோமி அப்போது நர்ஸ், வீட்டிலேயே சோப்புக் காய்ச்சுவார். அதனால் எமெரி அவர்களுக்கு 'சோப்பு சகோதரிகள்' என்று பெயர் வைத்தார். 1983-ல் தி நாஷ்வில் நெட்வொர்க் என்ற கேபிள் சேனல் தொடங்கியபோது, அதன் முக்கிய இரவு நிகழ்ச்சியான நாஷ்வில் நௌ அவர் கைக்கு வந்தது. வாரநாட்களில் ஒன்றரை மணி நேரம், நேரலை. நேயர்கள் போனில் கூப்பிட்டுப் பாடகரிடமே கேள்வி கேட்கலாம். பத்து வருஷம் நடத்தினார். ராத்திரி வானொலியில் செய்ததையே விளக்கு வெளிச்சத்தில் செய்தார் என்று நான் சொல்வேன்.

அவரே பாடவும் செய்தார். ஃபேரன் யங் பாடிப் பெரிய வெற்றிபெற்ற ஒரு பாட்டுக்குப் பதில்பாட்டாக 1961-ல் ஒன்று வெளியிட்டார், கன்ட்ரி பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. அவரைக் குறையில்லாதவர் என்று காட்டுவது என் நோக்கமில்லை. பாடகி ஸ்கீட்டர் டேவிஸோடு நடந்த திருமணம் நாலு வருஷத்தில் முறிந்தது, அதற்குள் நான் போகவில்லை. 1968-ல் பேர்ட்ஸ் என்ற ராக் குழு கன்ட்ரி பாட்டு பாட ஆசைப்பட்டு நாஷ்விலுக்கு வந்தது. நீண்ட முடி வைத்த அந்தப் பையன்களை இவர் தன் நிகழ்ச்சியிலேயே மட்டம் தட்டினார். அவர்கள் திரும்பிப்போய் இவரைச் சாடி ஒரு பாட்டே எழுதிவிட்டார்கள். அது எமெரி செய்த தப்பு. வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கும் என்று பேர் வாங்கியவர், அன்றைக்கு அதை மூடினார்.

2007-ல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது அந்த இசையின் பெரிய ஆட்களைக் கௌரவிக்கிற பட்டியலில், அவரைச் சேர்த்தார்கள். அதே வருஷம், 74 வயதில், இன்னொரு கேபிள் சேனலில் புது நேர்காணல் நிகழ்ச்சியும் தொடங்கினார். 2022 ஜனவரி 15-ல் இறந்தபோது வயது 88. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதற்கு முன்பே கென்டக்கியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். செய்தி வந்த அன்று நான்தான் கூப்பிட்டேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, நீ இன்னும் மைக் பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

உங்கள் கேள்விக்கு என் பதில், சேருங்கள். சேரும்முன் ஒன்றே ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ராத்திரி ஸ்டுடியோவில் நீங்கள் இருப்பீர்களா, உங்கள் பதிவு இருக்குமா? சம்பளத்தைப் பற்றி அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எமெரி இறந்த அந்த 2022 மார்ச்சிலிருந்து இங்குள்ள தமிழர்கள் சிலர் நடத்தும் இணைய வானொலியில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நடத்துகிறேன், சம்பளம் இல்லாமல். எனக்கு ராத்திரி 9 மணி, குளிர்காலத்தில் கோவையில் அது திங்கள் காலை எட்டரை. கேட்பவர்கள் நூறு பேருக்குள்தான். நேரலை. போன் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது, பாட்டு ஓடும்போது அடித்தால் இரண்டாவது ரிங்குக்குள் எடுத்துவிடுவேன்.