ஹெட்டைக் காஸ்டிக்கில் ஊறப் போடலாமா?

கேள்வி: சென்னிமலையிலிருந்து ஈரோட்டுச் சந்தைக்குப் பெட்ஷீட் ஏற்றிப்போகப் பழைய ஆம்னி வேன் வைத்திருக்கிறேன். போன வாரம் வெள்ளோடு பக்கம் சூடேறி நின்றுவிட்டது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அதன் அடியிலுள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டதாம். ஹெட்டைக் கழற்றியாச்சு. காஸ்டிக் சோடாவில் ஒரு ராத்திரி ஊறவிட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– ஒரு வாசகர், சென்னிமலை

பதில்: வேண்டாமுங்க. உங்கள் வண்டி ஹெட் அலுமினியம். காஸ்டிக் அழுக்கோடு அலுமினியத்தையும் சேர்த்துத் தின்னும். விடியும்போது கேஸ்கட் உட்காரும் முகம் அம்மை போட்ட மாதிரி இருக்கும். லாரிகளின் வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு அது தாங்கும். அந்தப் பழக்கத்தில் சொல்லியிருப்பார்.

ஹெட் பளபளக்கவே வேண்டியதில்லை. சங்ககிரியில் தொழில் பழகியபோது, டிரில்லில் உப்புத்தாள் வட்டு மாட்டி ஒரு ஹெட்டைக் கண்ணாடியாக்கினேன். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். இரண்டு மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. பேரிங்கெல்லாம் கோடு! வட்டிலிருந்து உதிர்ந்த பொடி ஆயில் வழியில் புகுந்திருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு மூங்கில் சில்லுதான்.

வால்வுகள் மூடியிருக்கும்போதே கரியில் டீசல் ஊற்றி ஊறவிட்டுச் சுரண்டுங்கள். வால்வு உட்காரும் சீட்டில் கீறல் விழாது. அப்படியே, ஸ்பார்க் பிளக்கை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, வால்வு இருக்கும் குழிகளில் மண்ணெண்ணெய் நிரப்பிக் கால் மணி நேரம் பாருங்கள். காற்றும் புகையும் போகும் போர்ட் வழியே கசிந்தால் அந்த வால்வை அரைத்து உட்காரவைக்க வேண்டும். ஆறு வால்வையும் கழற்றினால் அட்டையில் வரிசையாகக் குத்தி வையுங்கள். இடம் மாறினால் அப்புறம் சீட்டோடு சேராது.

அடுத்தது முக்கியம். சூடேறிய ஹெட் வளைந்திருக்கும். நேரான இரும்புப் பட்டையை நீளம், அகலம், இரண்டு மூலை என வைத்துப் பாருங்கள். அடியில் இடைவெளி அளக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் தகடு நுழைந்தால் லேத் பட்டறையில் கொடுத்து முகம் அடிக்க, அதாவது சமமாகச் சீவ வேண்டியதுதான். அதற்கு முன், இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவில் உள்ள ஒடுங்கிய இடத்தைப் பாருங்கள். அதிகச் சூடு படுவது அங்கேதான், விரிசலும் அங்கேதான் வரும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், தண்ணீர் ஓட்டைகளை அடைத்துக் காற்றுக் கொடுத்து, சுடுதண்ணீரில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் விரிசல். முகம் அடித்த பிறகு விரிசலைக் கண்டுபிடித்தால் கூலி தண்டம்.

மாட்டும் முன் பிளாக்கின் போல்ட் குழிகளில் காற்றடித்துத் தண்ணீர், ஆயில் எல்லாம் வெளியேற்றுங்கள். குழியில் நீர் நின்றால் போல்ட் இறுகின மாதிரி காட்டும், ஹெட் இறுகியிருக்காது. சில சமயம் பிளாக்கே வெடிக்கும்.

ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர் என்று நீங்கள் எழுதவில்லை. ஹெட்டின் தண்ணீர் வழியில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் போர்த் தண்ணீர் என்று நானே சொல்லிவிடுவேன். அதை முழுசாக எடுத்துவிட்டு, இனிமேல் கூலன்ட் ஊற்றுங்கள்.