கிராமத்து நூதனசாலைப் பொறுப்பாளருக்கு ஊர்க் கூட்டங்களில் என்ன வேலை?

நூதனசாலைப் பொறுப்பாளர் என்பவர் பழம்பொருட்களைச் சேர்த்து, பதிந்து, கெடாமல் காத்து, அவற்றின் கதையை மக்களுக்குச் சொல்பவர். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு தேசிய நூதனசாலை போன்ற பெரிய இடத்தில் இந்த வேலையைப் பலர் பிரித்துச் செய்வார்கள். கிராமத்தில் அநேகமாக ஒருவரே எல்லாம்.

காலி நகரில் கிடைத்து இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு, தன் ஆண்டு 1409 என்பதைச் சீனத்தில் தானே சொல்லிவிடும். பாட்டியின் பாக்குவெட்டி சொல்லாது. எந்தக் கொல்லர் அடித்தது, யாருடைய சீதனமாக வந்தது என்பதெல்லாம் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். பழகாதவரிடம் அதை யார் சொல்வார்கள்? அதனால்தான் கல்யாணம், திருவிழா, சனசமூக நிலையக் கூட்டம் என்று அவர் போய்வருகிறார். கோயில் தர்மகர்த்தா மாதிரிதான்: நகை கோயிலுடையது, காவலும் கணக்கும் அவருடையது.

காட்சிக்குக் கொடுத்தால் பொருள் திரும்பாது என்று பலர் நினைக்கிறார்கள். இரவலாகவும் கொடுக்கலாம், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.