பதில்: பைனாக்குலர்ல பறவையே சிக்க மாட்டேங்குது
ப்ரோ, வெறுங்கண்ணுக்கு கிளையில நல்லா தெரியுற குருவி பைனாக்குலரை வெச்சதும் காணாம போயி வெறும் இலையா தெரியுதுன்னு சொல்றீங்கல்ல, உங்க கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல. நீங்க வாங்கினது 12×50, அதாவது 12 மடங்கு பெருசாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ. மடங்கு கூடக்கூட தெரியுற பரப்பு பொதுவா சுருங்கும், கை நடுக்கமும் 12 மடங்கா தெரியும், அதான் தோட்டத்துக்கு நிறைய பேரு 8×42 எடுக்குறாங்க.

அதுக்காக உடனே மாத்த வேணாம். பறவைய பாத்துட்டு குனிஞ்சு பைனாக்குலரை தேடாதீங்க, பார்வைய பறவை மேலயே பதிய வெச்சுட்டு, தலைய அசைக்காம பைனாக்குலரை கண்ணுக்கு கொண்டு வாங்க, அவ்ளோதான் விஷயம். முதல்ல அசையாத பூ, காய்ஞ்ச குச்சின்னு பழகுங்க (நான் ஒரு வாரம் கொடிக்கம்பி கிளிப்பைத்தான் பாத்துட்டு இருந்தேன், வீட்ல சிரிச்சாங்க). அடர்ந்த மரம்னா பறவைக்கு பக்கத்துல ஒரு கவட்டையோ பழுத்த இலையோ அடையாளம் வெச்சுக்கோங்க.

கண்ணாடி போடுவீங்கன்னா கண்ணு வைக்கிற ரப்பரை உள்ள திருகிடுங்க, இல்லன்னா ஓரமெல்லாம் கறுப்பாத்தான் தெரியும். முழங்கையை நெஞ்சோட ஒட்டி வெச்சா நடுக்கம் பாதி அடங்கிடும். அப்புறமும் சிக்கலன்னா சொல்லுங்க, ஃபோகஸ் எப்படி செட் பண்றதுன்னு பாப்போம்.